வெள்ளையன் மாமாவின் போனை நான் அப்டேட் செய்த கதை

நான் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லி மாதச் சம்பளம் வாங்குகிறவன். சென்னையில் ஒரு செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் வேலை. காதில் ஹெட்போன், எதிரே திரை, திரையில் நான் பேச வேண்டியது எழுதியிருக்கும். தமிழில் அழைப்பவர்கள் எனக்கு வருவார்கள். அவர்களில் பாதிப் பேராவது பழைய போன் வைத்திருப்பவர்கள். எது ஓடவில்லை, எது திறக்கவில்லை என்று ஆரம்பத்திலிருந்து சொல்வார்கள். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு (கேட்பது போல இருந்துவிட்டு) அந்த வாக்கியத்தைச் சொல்வேன்: "தங்கள் மாடலுக்கான சப்போர்ட் காலம் முடிவடைந்துவிட்டது. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

சிலர் திட்டுவார்கள். சிலர் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குத் திரையில் பதில் இருக்காது. ஒருவர், பெரியகுளமோ எங்கேயோ, "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டின்போது அவரைப் போலப் பேசிக் காட்டி எங்கள் மேசையையே சிரிக்க வைத்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலே படிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் அக்கா அலமேலுவின் வீட்டுக்காரர் வெள்ளையன் மாமா. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, ஒரு பழைய ஜீப். ஜீப்பில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் சுதாவைப் பார்த்துவிட்டுத்தான் மலையேறுவார்.

அவருக்கு அந்த போனை வாங்கிக் கொடுத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊழியர்களுக்குச் சலுகை உண்டு என்று சொன்னார்கள். "நம்ம கம்பெனி போன் மாமா, ஆயுசுக்கும் கவலையில்ல" என்று சொல்லி, நானே உட்கார்ந்து எல்லாம் அமைத்துக் கொடுத்தேன். நடுவில் ஓரிடத்தில், உள்ளே சேருவதையெல்லாம் வெளியே ஒரு பிரதி எடுத்து வைக்கட்டுமா என்று போன் கேட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதை அழுத்தினேன். அந்த ஊரில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நிற்க வேண்டும். பிரதி எங்கே போய் ஏறுவது என்று அப்போது நினைத்தேன்.

மாமாவுக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் அந்த போனில் பேச்சைப் பதிவு செய்யும் வசதி இருப்பதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். ஹாஸ்டலில் பிள்ளைகள் போன் வைத்துக்கொள்ளக்கூடாது. அதனால் வாரம் முழுக்க தினமும் கொஞ்சம் பேசிப் பதிந்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து அப்பனும் மகளும் அதைப் போட்டுக் கேட்பார்கள். நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "இன்னிக்குத் திங்கக்கெழம. மழ இல்ல. உன் கோழி அடைக்கு உக்காந்துக்கினு எழுந்திரிக்க மாட்டேன்னுது. உங்கம்மா என்னைத் திட்டிக்கினு இருக்கா, கேளு" என்று சொல்லிவிட்டு போனை அடுப்படிப் பக்கம் நீட்டியிருப்பார். அக்கா திட்டுவது அரை நிமிடம் அப்படியே பதிவாகியிருக்கும். ஆடு கத்துவது, நாய் குரைப்பது, ஓட்டின் மேல் மழை விழுவது எல்லாம் அதில் இருக்கும். மூன்று வருடத்துக்கு மேலாகப் பதிந்தது. ஒன்றைக்கூட அழித்ததில்லை.

போன் மெதுவாகத் தேய ஆரம்பித்தது. ஒவ்வொரு செயலியாக, இந்தப் போனில் இனி இயங்காது என்று சொல்லத் தொடங்கியது. மாமா பாறையில் ஏறி எனக்கு போன் செய்து விவரம் கேட்டார். நான் என் வாக்கியத்தை அவரிடமும் சொன்னேன். வருந்துகிறோம் என்பதை மட்டும் விட்டுவிட்டு, புதுசு வாங்கிடுங்க மாமா என்று சேர்த்துக்கொண்டேன்.

"இதுக்கு இன்னா கொறச்சல் மச்சான்? பேசுது, கேக்குது" என்றார். "என் ஜீப்பைச் செஞ்சவன் என் கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்சான். இன்னிக்கும் ஆத்தூர்ல போயி கிளட்ச் பிளேட்டு கேட்டா எடுத்துக் குடுக்கறான். உங்காளு ஏன் அதுக்குள்ள கைய விரிக்கறான்?"

நான் சிரித்தேன். ஜீப்பும் போனும் ஒன்றா மாமா என்று ஆரம்பித்து, பாதுகாப்பு, சிப், தொழில்நுட்ப வளர்ச்சி என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் நடுவிலேயே, மழை வருது மச்சான், பாறை வழுக்கும், நான் இறங்குறேன் என்று வைத்துவிட்டார்.

தை மாதத்தில் மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரைக் கீழே இறக்க வேறு ஆள் தேடிப் பிடிக்கவே நேரமாகிவிட்டது. பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். நாற்பத்தெட்டு வயது.

கம்பெனியில் லீவு கேட்டபோது, அக்கா புருஷன் நெருங்கிய உறவினர் பட்டியலில் வரமாட்டார் என்று சொன்னார்கள். என் சொந்த லீவில் போனேன். அடக்கம் முடிந்த மூன்றாவது நாள் காலையில் சுதா என்னிடம் வந்தாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. மாமாவின் போனை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

போன் அடிக்கடி நின்றுபோகிறது, ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அப்பா பேசினதையெல்லாம் வேறு எதிலாவது மாற்றிக் கொடுங்கள் மாமா என்றாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்து இந்த உலகத்தில் போனைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். இது ஒரு வேலையா என்று வாங்கிக்கொண்டேன். அக்கா அடுப்படியிலிருந்து, அவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்றாள். எனக்குப் பெருமையாகவே இருந்தது. (சாவு வீடு என்பதால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.)

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் லேப்டாப் இருந்தது. கேபிள் இருந்தது. போனும் உயிரோடு இருந்தது. கேபிளைச் சொருகி, பதிவுகள் இருக்கும் இடத்தைத் திறந்து, இழுத்து லேப்டாப்பில் போட்டிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும்.

எனக்கு அது தோன்றவே இல்லை. பழைய போனில் இருப்பதை அப்படியே புதுப் போனுக்கு மாற்ற எங்கள் கம்பெனியே ஒரு செயலி வைத்திருக்கிறது. அதைத்தான் தொட்டேன். இந்தப் பதிப்பில் இது இயங்காது, முதலில் போனை அப்டேட் செய்யவும் என்றது. பாறைக்குப் போய் அப்டேட் தேடினேன். தங்கள் மாடலுக்குப் புதிய அப்டேட் எதுவும் இல்லை என்றது. அப்போதாவது கேபிள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் எந்தப் புகார் வந்தாலும் முதலில் "அப்டேட் செய்துவிட்டீர்களா?" என்று கேட்டுக் கேட்டு, என் மூளையில் அதைத் தவிர வேறு வழி இல்லாமல் போய்விட்டிருந்தது.

பாறையிலேயே உட்கார்ந்து வேறு வழி தேடினேன். எங்கள் கம்பெனி கைகழுவிய மாடல்களின் மேல் இரக்கப்பட்டு, எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் புது மென்பொருளை அதற்கேற்ற மாதிரி மாற்றிப் போட்டிருந்தார். கம்பெனி செய்யாத வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்த மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில், உள்ளே இருப்பதையெல்லாம் முதலில் காப்பி எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தார். நான் அதைத் தள்ளிவிட்டு இரண்டாவது வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

அந்த மென்பொருளை உள்ளே ஏற்ற வேண்டுமானால் கம்பெனி போட்டிருக்கும் ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். அதை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, கேபிளைச் சொருகினேன். (ஆமாம், அதே கேபிள்.) பூட்டைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்ததும் போன் திரையில் ஒரு பத்தி வந்தது. அதற்குக் கீழே இரண்டே வார்த்தைகள், ஆம், இல்லை. அந்தப் பத்தி எனக்குப் புதிதில்லை. எத்தனையோ பேருக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறேன். இதை அழுத்தினால் உள்ளே உள்ள எல்லாம் அழிந்துவிடும் சார், காப்பி எடுத்துவிட்டீர்களா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று. மற்றவர்களுக்கு அவ்வளவு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டியவன், என் முறை வந்தபோது படிக்காமல் ஆம் என்பதை அழுத்தினேன்.

சுதா எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டாள். சூப்பராப் போவுது என்றேன்.

போன் அணைந்து, மறுபடி எரிந்து, எங்கள் கம்பெனியின் சின்னத்தைக் காட்டியது. அப்படியே நின்றது. பத்து நிமிடம், அரைமணி நேரம் என்று சின்னம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தப் பத்தி எனக்குள் தமிழில், என் குரலிலேயே ஓட ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான பேர் போனில் என்னிடம் திடீரென்று பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் அவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அன்று தெரிந்தது.

அடுத்து நான் செய்தது இன்னும் கேவலம். சார்ஜ் ஏறிக்கினு இருக்குது சுதா, கொஞ்ச நேரம் ஆகும் என்றேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தை ஒன்றரை நாள் இழுத்தேன். அவள் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். ஆட்டைக் கட்டிவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், அப்பா பேசினதை மாமா லேப்டாப்புல ஏத்திக்கினு இருக்காரு, ஏறினதும் உங்களுக்கும் போட்டுக் காட்டுறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாவோடு பிறந்த பெரியவர் ஒருவர், தம்பி குரலைக் கேட்டுட்டே போயிடறேன் என்று சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஒரு வெற்றுத் திரையில் எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ் போய்விடும் என்று அவர் எழுந்து போனார். போகும்போது என் தோளைத் தட்டி, பொறுமையா செய்ப்பா, ஒன்னும் அவசரமில்ல என்றார்.

மறுநாள், காரியத்துக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லி கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். போன் சட்டைப்பையில் இருந்தது.

முதலில் எங்கள் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன். கவுண்டரில் இருந்த பெண் போனைப் புரட்டிப் பார்த்து, மாடல் பெயரைக் கணினியில் அடித்தாள். அந்தப் பெயரே வரவில்லை. இருக்கிற மாடல்களின் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். மாமாவின் போன் அதில் இல்லை. பட்டியலில் இல்லாததற்குப் புகாரே பதிய முடியாது சார் என்றாள். நானும் இந்தக் கம்பெனிதான் என்று அடையாள அட்டையைக் காட்டினேன். ஓ, அப்ப உங்களுக்கே தெரியும் இல்ல சார் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு எதிரில் நின்று, எங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கே அழைத்தேன். ஏன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கம்பெனிக்குள் ஏதாவது ஒரு வழி இருக்கும், நமக்குச் சொல்லாமல் வைத்திருப்பார்கள், அழுது கேட்டால் யாராவது சொல்வார்கள் என்று தோன்றியது. எங்களிடம் அழுத ஒவ்வொருவரும் அப்படி நினைத்துத்தான் அழுதிருப்பார்கள்.

எடுத்தது கீதா. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருகிறவள். என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டாள் என்பது அவள் மூச்சு விட்டதிலேயே தெரிந்தது. ஆனால் அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன. தெரிந்தவர் போலப் பேசினால் அவளுக்கு மெமோ. அதனால் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். மாடலைக் கேட்டாள். சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு, அவள் குரல் கொஞ்சம் கம்மியாகி, அந்த வாக்கியம் வந்தது.

"தங்கள் மாடலுக்கான சப்போர்ட் காலம் முடிவடைந்துவிட்டது சார். சிரமத்திற்கு வருந்துகிறோம்."

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்காமல் அழைப்பை முடிக்கக்கூடாது. தயவுசெய்து கேட்காதே கீதா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா சார்?"

இல்லை, நன்றி என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் பழைய போன் ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. பெட்டிக்கடை அளவுதான். உள்ளே இருந்தவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் சொல்வதை ஒரு முறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். போனைத் திறந்து, எதையோ தொட்டுப் பார்த்து, ஏதோ ஒரு பெட்டியில் சொருகி, கால்மணி நேரம் முயற்சி செய்தார். பிரதி எங்கேயாவது ஏறியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை, நான்தான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன் என்றேன். மூடி என் கையில் கொடுத்தார்.

"போனை ஓட வெச்சிடலாம் சார். ஆனா உள்ள இருந்தது போச்சு. பூட்டு தொறந்ததும் தொடச்சிடும், அப்படித்தான் செஞ்சிருக்கான்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கேபிள் போட்டீங்க இல்ல சார்? அப்பவே இழுத்துப் போட்டிருக்கலாமே?" என்றார்.

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். ஒருவேளை கேபிளில் எடுக்க முடியாதபடி எனக்கு வேறு ஏதாவது பெரிய சிக்கல் இருந்திருக்கும், இவ்வளவு படித்தவன் அதற்காகத்தான் இப்படிச் செய்திருப்பான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கூலி எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

வெற்றிலை, பாக்கு, ஊதுபத்தி, பூசணிக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு மலைப் பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு ஒரு பொய் யோசித்தேன். போனைப் பஸ்ஸில் யாரோ திருடிவிட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது. சர்வீஸ் சென்டர்காரன் கெடுத்துவிட்டான். கடைசிப் பொய் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

சுதா வாசலிலேயே நின்றிருந்தாள். பையை வாங்கிக்கொள்ளாமல் என் சட்டைப்பையைப் பார்த்தாள். "ஏறிடுச்சா மாமா?" என்றாள்.

அழிச்சிட்டேன் சுதா என்று வாயில் வந்துவிட்டது.

"எல்லாமா?"

"எல்லாம்."

உள்ளே அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தின் சத்தம் நின்றுபோனது. நான் அங்கேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சப்போர்ட் முடிந்தது, பட்டியலில் பெயர் இல்லாதது, பூட்டு, ஆம், இல்லை, கேபிள். கேபிளைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். அக்கா கோபப்படுவாள், நாலு வார்த்தை திட்டுவாள், அதில் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை என்றாள். பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"ஏன் தம்பி, உங்க கம்பெனிக்காரங்க வூட்டுல யாரும் சாவறதில்லியா?"

எத்தனை வருடம் ஒரு போனுக்குக் கம்பெனி பொறுப்பாக இருக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். இரண்டு போதும் என்பார் ஒருவர், நான்கு கொடுத்தால் விற்பனை படுத்துவிடும் என்பார் இன்னொருவர். அக்காவின் கேள்வியை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சுதா அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், அவள் அப்பாவின் குரலில் பேச ஆரம்பித்தாள். அவர் இழுக்கிற மாதிரியே இழுத்து, அவர் நடுவில் செருமுகிற மாதிரியே செருமி. "இன்னிக்குத் திங்கக்கெழம. மழ இல்ல. உன் கோழி அடைக்கு உக்காந்துக்கினு எழுந்திரிக்க மாட்டேன்னுது." அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னிக்குச் செவ்வாக்கெழம. டயரு பஞ்சரு. கரியாலூர்ல நின்னு போச்சு. ஒரு டீ குடிச்சேன், அவன் டீயா அது." பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அது அப்படியே மாமாதான். "இன்னிக்குப் புதங்கெழம. உங்கம்மாவுக்கு ஜொரம். கஞ்சி நான்தான் வெச்சேன். குடிக்க மாட்டேன்றா." அக்காவும் சிரித்துவிட்டாள். மாமா இறந்ததிலிருந்து அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"இன்னிக்கு வியாழக்கெழம" என்றாள் சுதா. நிறுத்தினாள். மறுபடியும், "இன்னிக்கு வியாழக்கெழம" என்றாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் தன் சொந்தக் குரலில், "வியாழக்கெழம இன்னா சொன்னாருன்னு தெரியல" என்றாள். எழுந்து ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் அவள் அழும் சத்தம் கேட்டது. அக்கா என்னைப் போக வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தாள்.

என் வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். விடவில்லை. வீட்டு வாடகை, தவணை, என்ன செய்வது. அதே நாற்காலி, அதே ஹெட்போன். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு, திரையில் எழுதியிருக்காத ஒன்றையும் சொல்கிறேன். வேறு எதையும் தொடாதீங்க, முதல்ல ஒரு கேபிளைப் போட்டு உள்ள இருக்கறதை எல்லாம் இழுத்து வெளிய வைங்க, நான் லைன்லயே இருக்கேன் என்று. பலருக்குக் கேபிள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, தேடி எடுத்து வருவார்கள். அதுவரை காத்திருப்பேன். எனக்கு ஒதுக்கிய பேச்சு நேரத்தைவிட ஜாஸ்தி எடுத்துக்கொள்வதாக மாதம் ஒரு மெமோ வருகிறது. பதிலுக்கு வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்தச் சொல் எனக்குப் பழக்கம்தானே.

அப்போது, நான் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன், இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. காரியத்துக்கு மாமாவின் படம் வேண்டும். எல்லோரையும் அவர்தான் படம் எடுப்பார். அவரை யாரும் எடுத்ததில்லை. அவர் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படங்கள் அந்த போனோடு போய்விட்டன. ஆதார் அட்டையில் இருந்தது யார் என்று எங்களுக்கே பிடிபடவில்லை. கடைசியில் சென்னையிலிருந்த என் மனைவி எங்கள் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரே ஒரு படத்தில் மாமா நன்றாக விழுந்திருந்தார். வெள்ளைச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. பக்கத்தில் மாலையோடு நான். என் இடது கை அவர் தோளைச் சுற்றி, விரல்கள் மறுபக்கத் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன.

கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்காரர் என்னை வெட்டி எடுத்துவிட்டார். கை மட்டும் மிச்சம். கம்ப்யூட்டரில் கையையும் அழித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றார். கூட வந்திருந்த சுதா உடனே தடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் வேலை எதுவும் வேணாம், அழிக்கிறேன்னு அப்பாவையே அழிச்சிடுவீங்க, கை இருந்துட்டுப் போவட்டும் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அப்படியேதான் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலை போட்டு அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாமா சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் தோளில், மோதிரமும் வாட்சுமாக, உடம்பில்லாத ஒரு கை. புதிதாக வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அது யார் கை என்று கேட்காமல் போவதில்லை. அக்கா முதலில் எல்லாம் என் தம்பி கை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது, "அதுவா? அது போனு ரிப்பேர் பண்ண கை" என்கிறாள். என் பெயர்கூட வேண்டியிருப்பதில்லை. அந்த மலையில் பாதிப் பேருக்கு என்னை அப்படித்தான் தெரியும்.

சுதா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சொந்தமாகப் போன் வைத்திருக்கிறாள். நான் வரும்போது அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பதாகக் கேள்வி. போன மாதம் போயிருந்தபோது டிவியில் சத்தம் சரியாக வரவில்லை. ரிமோட்டில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று எடுக்கப் போனேன். சுதா ரிமோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"உங்க கை அங்கியே இருக்கட்டும் மாமா. இதுமேல வெக்காதீங்க."